எழுதினால் என்ன குறைந்துவிடும்?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இதைச் சொல்லாத பெரியவர் இல்லை; கேட்டு வளராத பிள்ளை இல்லை. இரண்டிலும் பட்டுத்தான் தீரவேண்டும், பட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்பது இதன் தாத்பரியம். இந்தப் பழமொழியோடு எனக்கு நெடுநாளாக ஒரு சண்டை. இரண்டும் ஒன்று என்று யார் சொன்னது?

கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் முதல் காரியமாக என்ன செய்கிறோம்? நாலு பெரியவர்களை உட்காரவைத்து, லக்னப் பத்திரிகை எழுதி, அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் தாம்பூலம் மாற்றிக்கொள்கிறோம். பிறகு சமையல்காரர் வருகிறார். திண்ணையில் உட்கார்ந்ததும் அவர் கேட்பது காகிதமும் பேனாவும்தான். அரிசி இவ்வளவு, துவரம்பருப்பு இவ்வளவு, மிளகு இவ்வளவு, பெருங்காயம் இவ்வளவு, வாழையிலை இத்தனை கட்டு என்று மூன்று பக்கத்துக்குப் பட்டியல் ஓடுகிறது. நாதஸ்வரக்காரருக்கு எத்தனை வேளை, எவ்வளவு முன்பணம், போக வரச் செலவு யாருடையது என்று எழுதிக்கொள்கிறோம். பந்தல்காரருக்கும் அப்படியே. யாரும் யாரையும் சந்தேகிப்பதாக நினைப்பதில்லை. மிளகுக்குக் கணக்கு எழுதினாரே என்று சமையல்காரர்மேல் கோபித்துக்கொண்ட பெண்வீட்டுக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் பிரித்துப் போடுகிற பந்தலுக்கு இத்தனை எழுத்து. முப்பது வருஷம் தலைக்கு மேல் நிற்க வேண்டிய தளத்துக்கு? ஓர் எழுத்துக் கிடையாது. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அங்கே மட்டும் நமக்கு வெட்கம் வந்துவிடுகிறது.

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூர்விக வீடு. முன்பக்கம் திண்ணை, ரேழி, முற்றம். பின்னால் நாட்டு ஓடு வேய்ந்த கொல்லைத் தாழ்வாரம். பிள்ளை பம்பாயிலிருந்து குடும்பத்தோடு வரும்போதெல்லாம் குளியலறை வசதி போதவில்லை என்று குறை. தாழ்வாரத்தைப் பிரித்துவிட்டு ஓர் அறையும் குளியலறையும் கான்கிரீட்டில் போட்டுவிடலாம், அப்படியே முன்கட்டு மாடித் தளத்தையும் செப்பனிட்டுவிடலாம் என்று முடிவாகிறது. உடனே மைத்துனர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்.

"நம்ம ஆள்தான் அத்தான். எங்க சின்ன மாமனார் வீட்டு மாடியைக் கட்டினதே இவர்தான். நீங்க ஒண்ணையும் திரும்பிப் பார்க்க வேண்டாம்."

காண்டிராக்டர் உட்காரவும் மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "சார்கிட்டப் படிச்சவன் சார் என் தம்பி. உங்க வீட்டு வேலையை நான் வேலைன்னு நெனைப்பேனா?"

"எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?"

"உங்ககிட்டப் போய்க் கணக்குப் பேசுவேனா சார்? பார்த்துக்கலாம்."

பார்த்துக்கலாம்! தமிழில் இதைவிட விலை அதிகமான சொல் ஒன்று கிடையாது. ஆசிரியரின் ஓய்வுக்காலப் பணத்தில் பாதியை அது விழுங்கப்போகிறது. அந்தச் சமயத்தில் அவருக்கு அது தெரிவதில்லை. காதில் தேனாகத்தான் பாய்கிறது.

சித்திரையில் பூஜை போடுகிறார்கள். முன்பணம் என்று பெரிய தொகை கைமாறுகிறது. வைகாசியில் சாரம் கட்டியாகிறது. ஆனியில் தளம் போட்டு நாலாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, ஆட்கள் வேறொரு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கேயும் யாரோ ஒருவரிடம் "பார்த்துக்கலாம்" என்று முன்பணம் வாங்கியிருக்கிறார் அல்லவா? ஆடி, ஆவணி இரண்டு மாதமும் தொலைபேசியில் கழிகின்றன. புரட்டாசியில் நாலு ஆள் வந்து அவசர அவசரமாகப் பூசிவிட்டுப் போகிறார்கள். ஐப்பசி அடைமழை பிடித்த மூன்றாம் ராத்திரி, புது அறையின் கூரையில் ஈரம் படம் போடுகிறது. விடிவதற்குள் சொட்டத் தொடங்குகிறது. சட்டி, குடம், அண்டா என்று வீட்டிலுள்ள பாத்திரமெல்லாம் தரையில் பரப்பியாகிறது.

காண்டிராக்டர் பதில் சொல்லுகிறார்: "இந்த வருஷம் மழை கொஞ்சம் ஜாஸ்தி சார். வெயில் வந்தா சரியாப் போயிடும்."

வெயில் வந்தால் ஒழுகாது என்பது உண்மைதான். அதை அறிய ஒரு காண்டிராக்டர் வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு நம்மவர்கள் செய்வது என்ன? எனக்குத் தெரிந்து நாலு வழிகள். தெருவில் நின்று சத்தம் போடுவது முதல் வழி. சத்தம் போட்ட பிறகு அந்த மனிதர் அந்தத் தெரு வழியாகவே வரமாட்டார். மிச்சப் பணத்தைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது இரண்டாவது. அதில் அடிபடுகிறவர் பெரும்பாலும் காண்டிராக்டர் அல்ல, அவரிடம் வாரக்கூலிக்குக் காத்திருக்கும் சித்தாள். செல்வாக்குள்ள ஒருவரைப் பிடித்துக் கட்டைப் பஞ்சாயத்து வைப்பது மூன்றாவது. வழக்குத் தீர்ந்தாலும் தீர்த்துவைத்தவருக்குப் பட்ட கடன் ஆயுசுக்கும் தீராது. நாலாவதைத்தான் மிகப் பெரும்பாலோர் செய்கிறார்கள்: "போதாத காலம்" என்று சொல்லிவிட்டு, வேறொரு "நம்ம ஆளை"க் கூப்பிட்டு, இன்னொரு முன்பணம் கொடுத்து, ஒழுகிய தளத்தின்மேல் இன்னொரு தளம் போடுவது.

இந்த நாலாவது வழிக்குப் பொறுமை, பெருந்தன்மை என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறோம். நான் அதைப் பெருந்தன்மை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் வீட்டில் மோசம் செய்தவரை ஒரு வார்த்தை எழுதாமல் விட்டுவிட்டால், அவர் நேரே அடுத்த தெருவுக்குப் போகிறார். அங்கே இருப்பவர் நம்மைவிட ஏழையாக இருக்கலாம். நகையை அடகு வைத்து ஓர் அறை போடுகிற விதவையாக இருக்கலாம். நமது பொறுமைக்கு விலை கொடுக்கப்போகிறவர் அவர்.

வாய்ச்சொல்லில் ஒரு விசித்திரம் உண்டு. அது எப்பொழுதும் பணத்தைக் கையில் வைத்திருக்கிறவர் பக்கமே பேசும். முன்பணம் காண்டிராக்டர் கைக்குப் போன மறுநாளிலிருந்து அவர் சொன்னதே பேச்சு: "அந்தச் சிமெண்டு நான் சொல்லவே இல்லையே", "தட்டோடு பதிக்கிறது தனிக் கணக்கு சார்". வேலை முக்கால்வாசி முடிந்து கடைசித் தவணை வீட்டுக்காரர் கையில் தங்கிவிட்டதோ, பேச்சு இந்தப் பக்கம் திரும்பிவிடும்: "அலமாரி சேர்த்துத்தானே பேசினோம்", "வெள்ளையடிப்பும் அதில் அடக்கம் இல்லையா?" இருவரும் பொய் சொல்லுகிறார்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. அவரவர் ஞாபகம் அவரவர் சௌகரியத்துக்குத் தக்கபடி வளைந்துகொடுக்கிறது; மனித சுபாவம். காகிதத்துக்கு அந்தச் சுபாவம் இல்லை. அதனால்தான் காகிதம் வேண்டும்.

இந்த உண்மையைத் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இந்த மண் அதைக் கண்ணீரும் ரத்தமுமாகப் படித்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இங்கே குத்தகை வாய்ச்சொல்லில்தான் நடந்தது. "நீ உழு, நான் பார்த்துக்கறேன்" என்று மிராசுதார் சொன்னதே பத்திரம். இருபது வருஷம் உழுதவரை ஒரு நாள் காலையில் வயலில் இறங்காதே என்று சொன்னால், தான் குத்தகைக்காரன் என்று நிரூபிக்க அவரிடம் என்ன இருந்தது? 1952-ல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், யார் குத்தகைதாரர் என்று எழுதிவைத்தால் அல்லவா பாதுகாக்க முடியும் என்று கண்டு, 1969-ல் குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே தனிச் சட்டம் செய்தார்கள். வாய்ச்சொல் வலியவன் சொத்து, எழுத்து எளியவன் சொத்து என்பது இந்த டெல்டாவின் சரித்திரம். வயலுக்குக் கற்றுக்கொண்ட பாடத்தை வீட்டுக்கு மறந்துவிட்டோம்.

எழுதிக் கேட்பது அகௌரவம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நடை பெரிய கோயிலுக்குப் போய்வரலாம். 1010-ஆம் வருஷத்தில் ராஜராஜன் முடித்த கோயில். கட்டியவனுக்குக் கௌரவத்தில் குறைவில்லை என்பதை ஒப்புக்கொள்வீர்கள். நாம் கொடுத்ததும், நம் அக்கன் கொடுத்ததும், நம் பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் கல்லில் வெட்டுக என்று அவன் உத்தரவிட்டான். வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு நகைக்கும் எடை, எத்தனை முத்து, எத்தனை ரத்தினம். முத்தைக் கோத்த நூலும், உள்ளே வைத்த அரக்கும் எடையில் சேர்ந்தவை என்பதுகூட எழுதியிருக்கிறது. நெல் அளக்க ஆடவல்லான் என்று பெயரிட்ட மரக்கால். பொன் நிறுக்கவும் அதே பெயரில் ஓர் எடைக்கல்.

வேலைக்காரர்களுக்கும் அப்படியே. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல். யாருக்கு எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரையில் கணக்கு. தச்சனுக்கும் தையற்காரனுக்கும் கணக்கனுக்கும் பங்கு விவரம் உண்டு. பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ, தேசாந்தரம் போய்விட்டாலோ, அந்த வேலையை யார் செய்வது, நெல்லை யார் பெறுவது என்று நிபந்தனை வேறு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், வேலையாள் பாதியில் காணாமற் போனால் என்ன செய்வது என்று ஒரு சக்கரவர்த்தி யோசித்து எழுதிவைத்திருக்கிறான். நமக்குச் சிமெண்டு மூட்டையை எண்ணி எழுதக் கூச்சமாக இருக்கிறது!

இங்கே ஒரு வாசகர் குறுக்கிட்டுக் கேட்பார்: "கொத்தனார்கள் ஏழைகள். எழுத்து, ஒப்பந்தம், சட்டம் என்று அவர்களைப் போட்டு மிரட்டுவது நியாயமா?"

நியாயமான கேள்வி. பதிலும் நியாயமாக இருக்கவேண்டும். முதலில், கொத்தனார் வேறு, காண்டிராக்டர் வேறு. சாரத்தின்மேல் நின்று கரண்டி பிடிக்கிறவருக்கும், மோட்டார் சைக்கிளில் வந்து பணம் வாங்கிப் போகிறவருக்கும் நடுவே பெரிய தூரம். இரண்டாவது, வீட்டுக்காரர்கள் எல்லாரும் தர்மபுத்திரர்கள் அல்ல. தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த பிறகு "அப்படியே ஒரு பரண் இழுத்துவிடேன்" என்கிறவர் யார்? மலிவாக இருக்கிறதென்று உப்பு மணலை வாங்கிப் போட்டுவிட்டுப் பூச்சு உதிர்கிறதே என்று கத்துகிறவர் யார்? வேலை முடிந்து மூன்று மாதம் ஆகியும் கடைசித் தவணைக்கு நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அலைக்கழிக்கிறவர் யார்? நாம்தான். அந்தக் காண்டிராக்டரிடமும் ஒரு காகிதம் இருந்தால் நம் வாலை அவர் ஒட்ட நறுக்கியிருப்பார். எழுத்தறிந்த நாம் எழுதாமல் இருப்பதில் நமக்கு ஒரு ரகசிய சௌகரியமும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டால் என்ன? "அந்த வர்க்கமே அப்படித்தான்" என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் பேச்சு எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கட்டடத் தொழிலாளருக்கென்று ஒரு நல வாரியம் தமிழ்நாட்டில் 1994-ல்தான் ஏற்பட்டது. அதுவரை, அவர்கள் சாரத்திலிருந்து விழுந்தால் கேட்க ஆள் கிடையாது. நாம் அதைப்பற்றி ஒரு நாளும் சத்தம் போட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

ஆகவே எழுத்து இருவருக்கும் வேண்டும். என்ன எழுதுவது? முத்திரைத்தாளும் வக்கீல் பாஷையும் இல்லாமலே தொடங்கலாம். சமையல்காரர் பட்டியல் போலத் தமிழில் இரண்டு பக்கம். கீழே இருவர் கையெழுத்து. ஆளுக்கு ஒரு பிரதி.

எந்த இடம், எத்தனை சதுர அடி, தளத்துக்கு எத்தனை அங்குலக் கனம் என்று எழுதுங்கள். கலவை ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்றால் அதை எழுதுங்கள். சிமெண்டு யார் வாங்குவது, கம்பி யார் வாங்குவது, மணல் எங்கிருந்து? கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இந்தக் கடைசிக் கேள்வி உயிர்க்கேள்வி. உப்பு ஏறிய மணல் உள்ளேயிருக்கும் கம்பியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். தளத்தில் அடிக்கம்பிக்குக் கீழே குறைந்தபட்சம் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்காகக் கம்பிக்கு அடியில் சின்னச் சின்னக் கட்டைகள் வைப்பார்கள். வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பு பார்த்தால்தான் உண்டு. பிறகு பார்க்க முடியாது. அதே நிர்ணயத்தின்படி, சாதாரண சிமெண்டு போட்ட தளத்தை ஏழு நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டானால் பத்து நாளும் குறையாமல் ஈரத்திலேயே வைத்திருக்கவேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தையா? நாற்றங்காலுக்குச் செய்வதை மாடிக்குச் செய்தால் போதும்.

களிமண் பூமி நம்முடையது. சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கிறது. ஐப்பசியில் ஊறி உப்புகிறது. வீட்டுக்கு அடியிலும் அதே மண்தான். பழைய சுவரோடு புதுச் சுவரைச் சேர்க்கிற இடத்தில் அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் என்று எழுதாவிட்டால், இரண்டாம் வருஷம் அந்தச் சேர்மானத்தில் விரல் நுழைகிற விரிசல் விழும். அதற்கும் "பூமி வாகு சார்" என்று பதில் கிடைக்கும்.

பணம் கொடுக்கும் முறையை எழுதுங்கள். ஒரே மூச்சில் முன்பணம் கூடாது. அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, சுவர் எழும்பியதும் இவ்வளவு, தளத்துக்கு இவ்வளவு, பூச்சுக்கு இவ்வளவு. தளம் முடிந்ததும் மழைநீர்க் குழாயை அடைத்து ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீர் தேக்கிவைத்துக் கீழே ஈரம் தட்டுகிறதா என்று இருவரும் சேர்ந்து பார்ப்பது என்று எழுதுங்கள். கடைசியாகப் பத்தில் ஒரு பங்கை ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டும்வரை நிறுத்திவைத்து, ஒழுகாவிட்டால் மார்கழி முதல் தேதி கேட்காமலே கொடுத்துவிடுவது என்றும் எழுதுங்கள். கொடுத்தும் விடுங்கள். நடுவில் ஆசைப்பட்டுச் சேர்க்கிற அலமாரிக்கும் பரணுக்கும் அன்றைக்கே விலை பேசி அதே காகிதத்தில் ஏற்றுங்கள்.

இதைக் கேட்டதும் முகம் சுளித்து எழுந்து போகிற காண்டிராக்டரை வழியனுப்பிவிட்டுச் சந்தோஷமாகக் காப்பி சாப்பிடலாம். நல்ல வேலைக்காரர் எழுந்து போகமாட்டார். அவருக்குத் தெரியும், இந்தக் காகிதம் அவருடைய கடைசித் தவணைக்கும் சாட்சி என்று.

சரி, காகிதமில்லாமல் கட்டியாகிவிட்டது, ஒழுகுகிறது. அப்பொழுதும் கதி இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாகவே மதிக்கிறது. நிரூபிப்பதுதான் பாடு. வங்கி வழியாகப் போன பணம், சிமெண்டுக் கடை ரசீது, கைப்பேசியில் போட்டுக்கொண்ட செய்திகள், எல்லாம் சாட்சிதான். கை பரபரக்கிறதென்று உடனே இன்னோர் ஆளைக் கூப்பிட்டு இடித்துப் பூசிவிடாதீர்கள். அது சாட்சியைத் தன் கையாலேயே அழிப்பது. முதலில் படம் எடுங்கள். சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினீயரைக் கூப்பிட்டு, என்ன குறை, எதனால், சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். அதை வைத்துக் காண்டிராக்டருக்கு ஒரு கடிதம்: இன்ன குறை, இத்தனை நாளுக்குள் வந்து சரிசெய்யவும். வசை வேண்டாம், தேதி வேண்டும். போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கிற தபாலில் அனுப்புங்கள். பாதி வழக்குகள் இந்தக் கடிதத்திலேயே தீர்ந்துவிடும் என்பது என் நம்பிக்கை. தெருச்சத்தத்துக்கு அஞ்சாதவர்களும் தேதி போட்ட கடிதத்துக்கு அஞ்சுவார்கள்.

தீராவிட்டால் நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் இருக்கிறது. 1986-ல் முதல் சட்டம் வந்தபோது வீடு கட்டும் வேலை என்று அதில் தனியாகச் சொல்லியிருக்கவில்லை. 1993-ல் திருத்திச் சேர்த்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 5-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு பெரிய தீர்ப்பைச் சொல்லிற்று. லக்னோவில் சர்க்காரின் அபிவிருத்தி அதிகார சபையிடம் பணம் கட்டியும் முடித்த வீடு கைக்கு வராத ஒரு சாதாரண மனிதர் வழக்காடினார். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே, கட்டுகிறவர் சர்க்காரானாலும் தனியாரானாலும் மட்டமான சாமான் போட்டாலோ வேலையைக் குறைத்தாலோ பதில் சொல்லியாக வேண்டும் என்று கோர்ட்டு தீர்த்தது. அந்த மனிதர் அலைக்கழிந்ததற்காக விதித்த பத்தாயிரம் ரூபாயைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்தே வசூலிக்கவும் வழி சொல்லிற்று. ஓர் அதிகார சபையையே தட்டிக் கேட்க ஒருவரால் முடிந்தது. நமக்கு நம் தெருக் காண்டிராக்டரைக் கேட்க நாக்கு எழவில்லை.

இப்பொழுது நடப்பது 2019-ஆம் வருஷத்துச் சட்டம். 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கிற ஊருக்குரிய ஜில்லா கமிஷனிலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரையில் ஜில்லா கமிஷனே விசாரிக்கும். 5 லட்சம் வரையில் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. குறை ஏற்பட்ட இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். அடுத்த மழை வரட்டும், அதற்கடுத்த மழை வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இருவரும் இசைந்தால் சமரசத்துக்கும் அங்கேயே ஏற்பாடு உண்டு. உத்தரவை மீறினால் அபராதமும் சிறையும் உண்டு. 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு யோசனையும் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. தினக்கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டு, நாமே பக்கத்தில் நின்று இதைச் செய், அதைச் செய் என்று வேலை வாங்கினால், அது எஜமான் வேலையாள் உறவு. அந்தக் குறைக்கு இந்தக் கமிஷன் இடம் கொடுக்காது. வேலையை ஒப்புக்கொண்டு முடித்துத் தருகிற காண்டிராக்டர்மேல்தான் இந்த வழக்கு. கூலிக்காரர் தலையில் கைவைக்கச் சட்டமே சம்மதிக்கவில்லை என்பதில் எனக்குத் திருப்திதான்.

மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்கவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. நடைமுறையில் அதைவிட நாளாகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. தெரிந்தும் ஏன் போ என்கிறேன்? ஒருவர் போனால் அடுத்த ஐப்பசிக்கு முன் இன்னொருவர் போவார். இரண்டு பேர் போன ஊரில் மூன்றாவது வீட்டுத் தளத்துக்குப் பத்து நாள் தண்ணீர் விடுவார்கள். அந்த மூன்றாவது வீட்டுக்காரருக்காகவும்தான் போகச் சொல்லுகிறேன்.

ஒழுகுகிற தளம் என்ன பெரிய பாதகம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழைக்கு நடுவே தரைமட்டமாயிற்று. 61 பேர் மாண்டார்கள். பக்கத்திலேயே எழுந்திருந்த அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடிவைத்துத் தகர்க்கவேண்டி வந்தது. செத்தவர்கள் யார்? அங்கே வீடு வாங்கப் பணம் கட்டியவர்கள் அல்ல. பெரும்பாலும் வேலைக்கு வந்த கூலிக்காரர்கள். மோசமான கட்டடம் முதலில் விழுவது அதைக் கட்டியவன் தலையில்தான். நம் வீட்டு அறைக்கும் அந்தக் கட்டடத்துக்கும் உயரத்தில்தான் வித்தியாசம். அளவு கேளாமல், எழுதாமல், "பார்த்துக்கலாம்" என்று விடுகிற வழக்கம் இரண்டுக்கும் பொது.

ஆகவே அடுத்த தடவை மைத்துனர் அழைத்துவருகிற தங்கமான மனிதர், "நமக்குள்ள எதுக்கு சார் எழுத்தெல்லாம்?" என்று கேட்டால், வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள்:

"நமக்குள்ளே என்கிறதாலேதான் அப்பா. வெளியாளாக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டு போய்விடலாம். உன்னோடு எனக்குச் சண்டை வேண்டாம். உட்கார். இந்தா பேனா."